மெலின்ஹோப்பின் எல்லைக் கல்

இல்ஃபோர்ட்
யூன் 3, புதன்கிழமை

அன்புள்ள மகள் அஜந்தாவுக்கு,

அப்பாவும் அம்மாவும் இங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், அதைத் தவிரப் புதிதாய்ச் சொல்லப் புதினம் ஒன்றுமில்லை. நீ, லதீசன், பேத்தி சின்னவள் மூவரும் அந்த மலைக்குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறோம்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். போனில் கதைத்தால் நான் ஒரு வசனம் முடிக்க முன்னமே நீ மூன்று சொல்லி முடித்துவிடுவாய். வாட்சப்பில் எழுதினால் நீ அதை உடனே லதீசனுக்கு இங்கிலீஷில் சொல்லிக் காட்டுவாய். மருமகன் பேரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இது அப்பாவும் மகளும் மட்டும் கதைக்கிற விஷயம். அவருக்குத் தமிழ் வாசிக்க வராதது இந்த ஒன்றுக்கு மட்டும் வசதியாகப் போய்விட்டது.

நீ அனுப்பிய சாட்சிப் பேப்பர் போன வியாழன் வந்து சேர்ந்தது. உங்கள் சொலிசிட்டர் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். வாமதேவன் ஆகிய நான் இலங்கை நில அளவைத் திணைக்களத்தில் பதினொரு வருடம் சேர்வேயராக இருந்தவன் என்றும், ஏப்ரலில் மகள் வீட்டுக்குப் போன முதல் நாளே அந்த எல்லைக் கல்லை இப்போது நிற்கிற அதே இடத்தில் கண்ணால் கண்டேன் என்றும் இருக்கிறது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. பதினைந்தாம் திகதி திங்கட்கிழமைக்குள் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நீ மஞ்சள் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறாய். நான் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. ஆறுதலாக ஒரு தரம் வாசிக்கலாம் என்றுதான்.

நடந்ததை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். மார்ச் கடைசியில் நீங்கள் மெலின்ஹோப் வீட்டுக்குக் குடிபோனீர்கள். ஏப்ரலில் நாங்கள் வந்து பத்து நாள் நின்றோம். மே மாதம் லதீசன் ஆள் பிடித்து, கல்லுக்குக் கல் நேர்கோடாகக் கட்டை நட்டுக் கம்பி அடித்து வேலி போட்டார். அதன் பிறகு பக்கத்துப் பண்ணை மிஸ்டர் பிரீஸின் ட்ராக்டர் வளவோரம் போகிற அந்த ஒடுங்கிய பாதைக்குள், ஒழுங்கைக்குள், திரும்ப முடியவில்லை. கீழ் வயலில் நிற்கிற அவருடைய செம்மறிகளிடம் போக நல்ல வழி அந்த ஒழுங்கை ஒன்றுதான். கல்லை யாரோ இடம் மாற்றி நாலடி அரக்கி வைத்திருக்கிறார்கள், தன் பாட்டன் காலத்திலிருந்து அது நின்ற இடம் இது இல்லை என்று அவர் சொன்னார். எங்களைக் கள்ளர் என்கிறாயா என்று நீ கேட்டாய். இப்போது இரண்டு பக்கமும் சொலிசிட்டர். இவ்வளவும் சரிதானே? கல்லுக்குக் கல் நேர்கோடு பிடிக்கச் சொல்லி லதீசனுக்குப் புத்தி சொன்னவன் நான் என்பதையும் இதில் சேர்த்துக்கொள்.

பிரீஸைப் பற்றி என் அபிப்பிராயம் உனக்குத் தெரியும். நாங்கள் வந்த முதல் நாளே ஒரு டசின் முட்டையைக் கொண்டுவந்து சிரித்துக்கொண்டு நீட்டிய மனிதர். கேட்காமல் முட்டை தருகிறவன் நிலத்தில் கண் வைத்திருக்கிறான் என்று நான் அன்றிரவே அம்மாவிடம் சொன்னேன். அம்மா அந்த முட்டையில் பொரியல் போட்டுத் தந்தாள்.

ஆனாலும் பிள்ளை, யோசித்துப் பார்த்தால் நாலடிதானே. வேலியை நாலடி உள்ளே எடுத்துவிட்டால் ட்ராக்டர் போகும், கோர்ட்டும் இல்லை, கேஸும் இல்லை. மருந்து வாங்க வருகிற சனம் உன் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போகிறது என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. அந்தச் சின்ன ஊரில் நீ ஒருத்திதான் பார்மசிஸ்ட். சனத்தோடு பகைத்துக்கொண்டு அங்கே எப்படிக் காலம் தள்ளுவாய்?

பேப்பரை அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள். “இஞ்சாருங்கோ, எங்கட கலியாண எழுத்தில கையெழுத்து வைக்கேக்கையே நீங்கள் இவ்வளவு யோசிக்கேல்லை, இதுக்கென்ன யோசினை?” என்று நேற்றுக் கேட்டாள். நான் மூக்குக் கண்ணாடியைத் தேடுவதாகச் சொல்லிவிட்டு மேலே போய்விட்டேன்.

நாலடி விஷயத்தை நல்லாக யோசித்துப் பதில் சொல். சின்னவளுக்கு என் முத்தங்கள்.

என்றும் உன் நன்மையையே நினைக்கும்,
அப்பா


இல்ஃபோர்ட்
யூன் 9, செவ்வாய்க்கிழமை

என் அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கத்தியது எனக்கு விளங்கியது, கோபமும் இல்லை. “நாலடி விட்டால் நாங்கள் களவெடுத்தது எண்டு நாங்களே சொன்ன மாதிரி ஆகிடும் அப்பா. நிறத்தைப் பாத்துத்தான் அந்தாள் சொல்லுது. நீங்கள் ஒரு சேர்வேயர், உங்கட கையெழுத்து ஒண்டு போதும்” என்றாய். நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்த நாட்டில் நிறத்தைப் பார்த்துப் பேசியவர்களை நானும் இருபத்திநாலு வருடம் பெற்றோல் ஷெட்டில் நின்று கண்டவன். ஆனால் எல்லோரும் எல்லா நேரமும் அதையே பார்த்துப் பேசுகிறார்கள் என்றும் இல்லை.

உங்கள் ஊர்ச் சரித்திர சங்கம் போட்ட சின்னப் புத்தகத்தை அங்கிருந்து வரும்போது நான் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அதையும், இங்கே நூலகத்தில் உங்கள் ஷ்ரொப்ஷயர் மாவட்டத்தைப் பற்றி இருந்த மற்றப் புத்தகத்தையும் ஒரு வாரமாக வாசிக்கிறேன். நீ வாங்கிய மண் லேசுப்பட்ட மண் இல்லை. ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு அரசன் வெல்ஷ்காரர் வராமல் நெடுக மண் அணை கட்டியிருக்கிறான். அணை இந்தப் பக்கம், சனம் இரண்டு பக்கமும். பிறகு 1086இல் வேறொரு அரசன் ஆட்களை அனுப்பி நாடு முழுக்க ஒவ்வொரு வயலையும் மாட்டையும் ஆலையையும் கணக்கெடுக்கச் சொன்னான். அந்த எல்லைப் பக்கத்து ஊர்கள் பலவற்றுக்கு நேரே எழுத ஒன்றும் இருக்கவில்லை. சண்டையில் எரிந்து வெறுமையாகக் கிடந்தன. ‘தரிசு’ என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அங்கே இருந்த சனம் எங்கே போனது என்று ஒருவரும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்கள்தான் காட்டை வெட்டி, பற்றை வேலி வைத்து, ஒவ்வொரு வளவாகப் பிடித்திருக்கிறார்கள். கிழக்கேயிருந்து இங்கிலீஷ்காரர், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெல்ஷ்காரர். பிரீஸ் என்ற பெயரே வெல்ஷ் பெயராம், ரீஸின் மகன் என்று அர்த்தம். அவருடைய ஆட்களும் ஒரு காலத்தில் மலை இறங்கி வந்த புது ஆட்கள்தான். அவர்கள் வந்து வேலி போட்டபோதும் பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் முறைத்துப் பார்த்திருப்பான்.

உங்கள் கல் வெறும் காணிக் கல் இல்லை பிள்ளை. முந்தி உங்கள் ஒழுங்கையோடு கவுண்டி என்கிற மாவட்டமே முடிந்திருக்கிறது. அந்தப் பக்கம் பக்கத்துக் கவுண்டியின் துண்டு ஒன்று தனித் தீவு மாதிரிக் கிடந்ததாம். 1844இல் பாராளுமன்றம் சட்டம் போட்டு, அப்படி நாடு முழுக்கச் சிதறிக் கிடந்த துண்டுகளைச் சுற்றியிருந்த கவுண்டியோடு சேர்த்துவிட்டது. எல்லை போய்விட்டது, கல் மட்டும் நின்றுவிட்டது. புத்தகத்தில் பதினெட்டாம் பக்கத்தில் கல்லின் படம் இருக்கிறது. ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்னத் தேவாலயத்தின் சுவர் மூலையிலிருந்து கல் வரைக்கும் மூன்று சங்கிலி நாற்பது கண்ணி என்று பழைய அளவுக்காரர் எழுதி வைத்திருக்கிறார். நாங்களும் இலங்கையில் அந்தச் சங்கிலியால்தான் அளந்தோம். ஒரு சங்கிலி அறுபத்தாறு அடி, அதில் நூறு கண்ணி, ஒரு கண்ணி எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது அளந்தால் ஆறு கண்ணி, கிட்டத்தட்ட நாலடி, குறைவாக வரும். வரலாம் என்று சொல்கிறேன், ஊகம்தான்.

அந்தப் பக்கத்தை உங்கள் சொலிசிட்டர் பார்த்தாரா? பார்க்காவிட்டால் பிரீஸின் மகன் பார்ப்பான். ஒரு டேப்பும் அரை மணித்தியாலமும் போதும்.

இன்னொன்று. ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து நூலகத்துக்கு வருகிற சேஷாத்ரியை உனக்கு ஞாபகமிருக்கும், மதுரைக்காரர், ஒரு வங்கியின் சட்டப் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர். கோர்ட்டுக்குக் கொடுக்கிற பேப்பரில் பிழையாக ஒன்று இருந்தால் என்ன நடக்கும் என்று பொதுவாகக் கேட்டேன். “பொய்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டா ஜெயில் வரைக்கும் போகலாம் சார். அதை நம்பித் தாக்கல் பண்ணினவங்களுக்கும் தலைவலிதான். யாருக்கு சார் இது?” என்று கேட்டார். ஒரு சிநேகிதருக்கு என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நீ பார்மசிஸ்ட். கோர்ட்டில் உன் பெயர் கெட்டால் உன் பதிவையே பிடுங்கிவிடுவார்களோ என்று அன்றிலிருந்து பயமாக இருக்கிறது.

பேப்பர் இன்னும் சாமிப் படத்துக்கு முன்னால்தான் இருக்கிறது. திங்கட்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. உங்கள் சொலிசிட்டரிடம் இன்னும் ஒரு மாதம் தவணை கேட்க ஏலாதா?

கடவுள் உங்களோடு இருக்கட்டும்.

உன்னை நினைத்தபடி,
அப்பா


இல்ஃபோர்ட்
யூன் 11, வியாழக்கிழமை

அஜந்தா பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை வாசிக்க முன் கதிரையில் இரு. லதீசன் பக்கத்தில் நின்றாலும் பரவாயில்லை, நீயே அவருக்கு வாசித்துச் சொல்.

நேற்றுப் பின்னேரம் நீ அம்மாவோடு கதைத்ததை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒழுங்கையால் போக முடியாமல் பிரீஸ் மலைப்பக்கச் சரிவால் சின்ன வண்டியில் கீழ் வயலுக்குப் போயிருக்கிறார், ஈரத்தில் வண்டி புரண்டு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்றாய். எழுபத்தொன்பது வயது மனிதர் இரண்டு மணித்தியாலம் புல்லுக்குள் கிடந்திருக்கிறார், நாய் குரைத்துத்தான் ஆள் வந்தது என்றாய். பிறகு, “இனி அந்தாளின்ர மகன் கெதியா சமாதானத்துக்கு வருவான் அம்மா” என்றும் சொன்னாய். நீ கெட்ட மனதில் சொல்லவில்லை. களைப்பில் சொன்னாய். ஆனால் அதைச் சொல்ல வைத்தவன் நான்.

கல்லை அரக்கியது நான்தான் பிள்ளை.

ஏப்ரலில் நாங்கள் வந்து மூன்றாம் நாள். நீ அம்மாவையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனாய், லதீசன் வேலைக்கு, சின்னவள் பள்ளிக்கூடம். புதுக் காணி வாங்கினால் எல்லையைச் சுற்றி நடந்து பார்க்காமல் எங்கள் ஆட்களுக்குச் சோறு இறங்காது. உன் பைலில் இருந்த காணிப் படத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன். சிவப்புக் கோட்டின் மேல் அடிமட்டம் வைத்துக் கணக்குப் பார்த்தேன். கோட்டின்படி பார்த்தால் கல் உன் வளவுக்குள் நாலடி தள்ளி நின்றது. எனக்கு உடனே முட்டைதான் ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் வேலி அடைக்கிற ஒவ்வொரு வருடமும் பக்கத்து வளவுக்காரன் ஒரு சாண் உள்ளே வருவான். பத்து வருடத்தில் பார்த்தால் உன் கிணற்றடியில் நிற்பான். வெள்ளைக்காரனும் அதைத்தான் செய்திருக்கிறான், என் பிள்ளைக்கு மருந்து தெரியும், மண் தெரியாது, ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தேன்.

கொட்டிலில் மண்வெட்டியும் குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கும் இருந்தன. இரண்டு மணித்தியாலம் எடுத்தது. கல் முழங்கால் ஆழம்தான் இருந்தது. கிளப்பி, ஒழுங்கைப் பக்கமாக நாலடி தள்ளிக் குழி வெட்டி நட்டு, மண்ணைக் காலால் இறுக்கி, புல்லையும் சருகையும் மேலே போட்டேன். பழைய குழி இருந்த இடத்தை நானே பிறகு தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. அதில் எனக்கு அன்றைக்குப் பெருமையும் இருந்தது. நீ வந்து பகல் முழுக்க என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது படுத்திருந்தேன் என்றேன்.

போன கிழமைதான் சேஷாத்ரி எனக்கு இந்த நாட்டுக் காணிப் படத்தைப் பற்றி விளக்கினார். எங்கள் நாட்டுப் பிளானில் கோடு என்றால் கோடுதான், மூலைக்கு மூலை அளவு எழுதியிருக்கும். இங்கே அந்தச் சிவப்புக் கோடு எல்லை ஏறக்குறைய இதில் என்று காட்டுகிற கோடு மட்டும். அந்தக் கோட்டின் தடிப்பே நிலத்தில் மூன்று நாலு அடி வரும். கல்தான் சரி, என் அடிமட்டம்தான் பிழை. பிரீஸ் ஒரு அங்குலமும் களவெடுக்கவில்லை. அவர் கொண்டுவந்தது வெறும் முட்டைதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதத்தான் கை கூசுகிறது. நான் சேர்வேயராக இருக்கவில்லை. சேர்வேயர் ஐயா கருவியோடு முன்னால் போவார். நான் சங்கிலியும் அலவாங்கும் தூக்கிக்கொண்டு பின்னால் போனவன். அவர் காட்டுகிற இடத்தில் கல் நட்டவன். பதினொரு வருடமும் அதுதான் வேலை. லண்டன் வந்த புதிதில் எங்கே வேலை செய்தீர்கள் என்று ஒருவர் கேட்டார், நில அளவைத் திணைக்களம் என்றேன். அவரே ‘ஓ, சேர்வேயரோ’ என்றார். நான் மறுக்கவில்லை. பெற்றோல் ஷெட்டில் நிற்கிற மனிதனுக்கு அந்தச் சொல் கொஞ்சம் தெம்பாக இருந்தது. பிறகு உன் பள்ளிக்கூடப் படிவங்களில் அதையே எழுதினேன். நீ அதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லி வளர்ந்தாய், நான் கேட்டுக் கேட்டு நம்பிவிட்டேன். அம்மாவுக்குக் கலியாணத்தன்றே தெரியும். இங்கே வந்து இத்தனை வருடமாக ஒருவரிடமும் சொல்லவில்லை.

உங்கள் சொலிசிட்டரின் பேப்பரைக் கிழித்துவிட்டேன். சேஷாத்ரியின் உதவியோடு வேறொன்று எழுதி, கையெழுத்து வைத்து இதற்குள் வைத்திருக்கிறேன். என்ன வேலை செய்தேன், என்ன செய்தேன், எந்த நாள், எவ்வளவு தூரம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. உனக்கும் லதீசனுக்கும் எதுவும் தெரியாது என்பதை முதல் வசனமாக எழுதச் சொன்னேன். இது கைக்கு வந்த உடனே அதைச் சொலிசிட்டரிடம் கொண்டுபோய்க் கொடு. என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. அதற்கு நேரமும் இல்லை, எனக்கு அதற்குத் தகுதியும் இல்லை. உன் பெயர் சுத்தமாக வெளியே வர வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

வேலியை அன்றைக்கே கழற்றச் சொல்லி லதீசனிடம் சொல். கல்லைத் தொட வேண்டாம். பிரீஸின் மகன் பார்த்துக்கொண்டு நிற்க நான் அதைக் கிளப்பி நட வேண்டும்.

சனிக்கிழமை முதல் ரயிலில் வருகிறேன். முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன். அந்த மனிதரிடம் என்ன சொல்வது என்று நேற்று இரவிலிருந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறேன். என் இங்கிலீஷில் அது சரியாக வரவில்லை. தமிழிலும் வரவில்லை. அவர் போலீசைக் கூப்பிட்டால் கூப்பிடட்டும்.

இதை அம்மாவுக்கு நேற்று இரவு சொன்னேன். அவள் எழும்பிப் பயணப் பையை எடுத்தாள். “நானும் வாறன். உங்களைத் தனிய விட்டால் பாதி வழியில இறங்கித் திரும்பி வந்திடுவியள்” என்றாள்.

நீ அந்த வீட்டை எவ்வளவு ஆசைப்பட்டு வாங்கினாய் என்று எனக்குத் தெரியும். அந்த ஊர்ச் சனம் திரும்பவும் உன் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், சின்னவள் அங்கே தலைநிமிர்ந்து வளர வேண்டும். அதற்காக என்னை ஒரு பொய்க்காரக் கிழவன் என்று கடைத் தெருவில் நின்று சொல்ல வேண்டியிருந்தாலும் சொல், பிள்ளை. அது உண்மைதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து உன் வீட்டுக்கு வரப் பின்னேரமாகிவிடும். அம்மா களைத்துப் போயிருப்பாள், அவளை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொடு. என்னைப் பற்றி உடனே ஒன்றும் முடிவெடுக்க வேண்டாம். நான் கேற்றுக்கு வெளியே நிற்பேன். மழை என்றாலும் நிற்பேன்.

நீ நல்லாயிருக்க வேண்டும்.

உன் அப்பா,
வாமதேவன்